ஆறு பேரும் அடிக்கிற ஆளாக இருந்தால் போதுமா? போகிமான் அணியும் உத்திரமேரூர் கல்வெட்டுக் கணக்கும்

“சாரிசார்ட் இருக்கு, டிராகனைட் இருக்கு, கார்சோம்ப் இருக்கு. இருக்கறதுலயே பெரிய ஆளுங்க எல்லாம் எங்கிட்டதான். அப்புறமும் எப்படிடா தோக்கறேன்?”

போகிமான் ஆட்டத்தில் நண்பர்களை ஜெயித்துவிட்டு இணையப் போட்டிக்குள் நுழையும் பிள்ளைகள் அநேகமாக எல்லோரும் முதல் மாதத்திலேயே கேட்கிற கேள்வி இது. அடுத்த கேள்வியும் பின்னாலேயே வந்துவிடும்: “இன்னும் பவரான ஒண்ணு கிடைச்சா ஜெயிச்சிடலாம் இல்ல?” அங்கேதான் நேரமும், சில வீடுகளில் பணமும் கரையத் தொடங்குகிறது.

ஆனால், தோற்றதற்குக் காரணம் பலம் குறைந்தது அல்ல. ஆறு பேரும் ஒரே வேலையைச் செய்கிறார்கள், ஆறு பேருக்கும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் அடி விழுகிறது என்பதுதான் காரணம். கபடியில் ஏழு பேரும் ரைடராக நின்றால் பிடிப்பது யார்? கார்னர் இல்லை, கவர் இல்லை என்றால், எதிரணி ஆள் உள்ளே வந்து தொட்டுவிட்டு நடந்தே திரும்பிப் போவார். போகிமான் அணியிலும் அதே கதைதான்.

வேலையைப் பிரித்துக் கொடுப்பது, ஒரே ஆளை இரண்டு இடத்தில் வைக்காமல் இருப்பது, ஒருவரின் ஓட்டையை இன்னொருவரால் அடைப்பது ஆகியவற்றைத்தான் ‘சமநிலை அணி’ என்கிறார்கள். காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கி.மீ. தொலைவில் உள்ள உத்திரமேரூரில், 1,100 ஆண்டுகளுக்கு முன்பு இதேபோன்ற ஒரு கணக்கைக் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். அதை அருகில் வைத்துக்கொண்டு பார்த்தால் விளையாட்டும் எளிதாகப் புரியும்.

போகிமான் ஆட்டத்தின் அடிப்படை என்ன?

1996 பிப்ரவரி 27-ல் ஜப்பானில் ‘ரெட்’, ‘கிரீன்’ என்ற இரண்டு ஆட்டங்களாக, நிண்டெண்டோவின் கேம் பாய் என்ற கையடக்கக் கருவியில் அறிமுகமானது போகிமான். விதவிதமான உயிரினங்களைப் பிடித்து, வளர்த்து, மற்றவருடைய உயிரினங்களோடு மோதவிடும் ஆட்டம். இன்று இதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிரினங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இது பெரும்பாலும் தொலைக்காட்சித் தொடர் வழியாகவும், 2016-க்குப் பிறகு ‘போகிமான் கோ’ செல்போன் ஆட்டம் வழியாகவும் பழக்கமானது.

ஒவ்வொரு உயிரினத்துக்கும் ஒரு வகையோ இரண்டு வகைகளோ உண்டு. நெருப்பு, நீர், புல், மின்சாரம், பாறை, பனி, எஃகு, டிராகன், தேவதை என்று மொத்தம் 18 வகைகள். நீர் நெருப்பை அணைக்கும். நெருப்பு புல்லை எரிக்கும். புல் நீரை உறிஞ்சும். பொருத்தமான வகையால் அடித்தால் சேதம் இரண்டு மடங்கு. பொருந்தாத வகையால் அடித்தால் பாதி. சில வகைகள் மேல் சில அடிகள் படவே படாது. மின்சார அடி நில வகையை ஒன்றும் செய்யாது.

உயிரினத்துக்கு இரண்டு வகைகள் இருந்தால் இந்தக் கணக்கு பெருக்கிக்கொள்ளும். சாரிசார்ட் நெருப்பும் பறத்தலும் கலந்தது. பாறை அடி நெருப்புக்கும் ஆகாது, பறப்பதற்கும் ஆகாது. எனவே சாரிசார்ட் மீது விழும் பாறை அடி இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் இந்தப் பெருக்கலிலிருந்து தப்ப முடியாது.

போட்டியில் விதிகள் எப்படி?

உலக சாம்பியன்ஷிப் வரை போகும் அதிகாரபூர்வ வீடியோ கேம் போட்டிகள் இரட்டையர் முறையில் நடக்கின்றன. ஒவ்வொருவரும் 6 போகிமான்களைக் கொண்டு வரவேண்டும். எதிரியின் ஆறையும் பார்த்த பிறகு, தன் ஆறில் 4 பேரை மட்டும் தேர்வு செய்ய வேண்டும். களத்தில் ஒரு நேரத்தில் நிற்பது இரண்டிரண்டு பேர். ஆறில் நான்கு பேரை 15 விதமாகத் தேர்வு செய்யலாம். ஆக, கொண்டு வருவது ஓர் அணி என்றாலும், உள்ளே 15 அணிகள் ஒளிந்திருக்கின்றன.

கவனிக்க வேண்டிய விதிகள் சில:

- ஒரே இன போகிமான் இரண்டு கூடாது.
- ஒரே கைப்பொருளை இருவருக்குக் கொடுக்கக் கூடாது.
- எல்லா போகிமான்களும் 50-வது நிலையில்தான் மோதும். வீட்டில் ராப்பகலாக விளையாடி 100-வது நிலைக்கு ஏற்றி வைத்திருந்தாலும், போட்டியில் 50 என்றே கணக்கு.
- ஒவ்வொரு போகிமானுக்கும் நான்கே நான்கு வித்தைகள்.

இதற்கு மேல் பயிற்சிப் புள்ளிகளுக்கும் உச்சவரம்பு உண்டு. ‘ஸ்கார்லெட்–வயலெட்’ ஆட்டத்தில் ஒரு போகிமானுக்கு மொத்தம் 510 புள்ளிகள். அதில் ஒரு திறனுக்கு அதிகபட்சம் 252. அதாவது, இரண்டு திறன்களை முழுதாக ஏற்றினால் கை காலியாகிவிடும். வேகமும் வேண்டும், அடியும் வேண்டும், தாங்கும் உடம்பும் வேண்டும் என்றால் நடக்காது. சம்பளத்தில் வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், மளிகை மூன்றையும் நினைத்தபடி சமாளிக்க முடியாத மாதிரிதான் இதுவும்.

ஒருவரே எல்லாமாக இருக்க முடியாது என்பதை விதியே உறுதி செய்கிறது. அப்புறம், வேலையைப் பிரிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

உத்திரமேரூர் சுவரில் இருக்கும் கணக்கு என்ன?

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழனின் 12, 14-வது ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த இரண்டு கல்வெட்டுகள் உள்ளன. அதாவது கி.பி. 919, 921. ஊர்ச் சபைக்கான வாரியங்களுக்கு ஆட்களைத் தேர்வு செய்யும் குடவோலை முறையை அவை விவரிக்கின்றன. பாடப்புத்தகத்தில் படித்த எல்லோருக்கும் குடமும் ஓலையும் நினைவிருக்கும். ஆனால், அதில் இருக்கும் ‘அணித் தேர்வு’ கணக்கு அதிகம் பேசப்படுவதில்லை.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்புக்கு ஒருவர் வீதம் 30 பேர். அந்த 30 பேரும் ஒரே வேலைக்கு அனுப்பப்படவில்லை. முன்பு தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் பணியாற்றி அனுபவம் பெற்றவர்கள், கல்வியிலும் வயதிலும் மூத்தவர்கள் என 12 பேர் சம்வத்சர வாரியத்துக்கு, அதாவது ஆண்டு வாரியத்துக்கு. மீதியில் 12 பேர் தோட்ட வாரியத்துக்கு. எஞ்சிய 6 பேர் ஏரி வாரியத்துக்கு. பொன் வாரியம், பஞ்சவார வாரியம் ஆகியவற்றுக்குத் தனியாகத் தேர்வு.

யார் நிற்கக் கூடாது என்பதிலும் கறார். முந்தைய 3 ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர்களும் கூடாது. ஒரே ஆளோ, ஒரே வீட்டுக்காரர்களோ எல்லா இடத்தையும் பிடித்துக்கொள்ளாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. போகிமானில் ‘ஒரே இனம் இரண்டு கூடாது’ என்ற விதி செய்யும் வேலையும் இதுதான்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தச் சபை எல்லோருக்குமானது அல்ல. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரை வயது, வேதக் கல்வி என்று தகுதிகள் வகுக்கப்பட்ட, பிராமணக் குடியிருப்பின் சபை அது. இன்றைய ஜனநாயகத்துக்கு அதை அப்படியே ஈடாக வைக்க முடியாது. ஆனால், ஒரு குழுவை எப்படி அமைப்பது என்ற கணக்கை அதிலிருந்து தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஏரி நிரம்பி கரை உடையப் போகும் மழைக்காலத்தில், பொன்னை உரசிப் பார்க்கத் தெரிந்த ஆறு பேரை வைத்துக்கொண்டு ஊர் என்ன செய்யும்?

ஒரு போகிமான் அணியில் என்னென்ன வேலைகள்?

பெயர்கள் ஆளுக்கு ஆள் மாறும். வேலைகள் பெரும்பாலும் இந்த ஐந்துதான்.

1. நேரடித் தாக்குதல்: நகம், பல், உடம்பால் மோதுவது. கார்சோம்ப், கியாரடோஸ் இந்த ரகம்.

2. சிறப்புத் தாக்குதல்: தீ, ஒளி, மின்னல் என்று எட்டி நின்று அடிப்பது. சாரிசார்ட், கோல்டெங்கோ இந்த ரகம். இரண்டு ரகமும் அணியில் இருக்க வேண்டும். ஏனென்றால், நேரடி அடியைத் தாங்கும் எதிரி பல நேரம் சிறப்பு அடிக்கு மடிந்துவிடும்.

3. வேகக் கட்டுப்பாடு: யார் முதலில் அடிப்பது என்பதில்தான் பாதி ஆட்டம் முடிந்துவிடும். ‘டெயில்விண்ட்’ என்ற வித்தை 4 சுற்றுகளுக்கு நம் அணியின் வேகத்தை இரட்டிப்பாக்கும். ‘டிரிக் ரூம்’ 5 சுற்றுகளுக்கு வரிசையையே தலைகீழாக்கும். ஆமைதான் முதலில் அடிக்கும், முயல் கடைசியில். இரண்டில் ஒன்றாவது கையில் இல்லாத அணி, எதிரியின் வேகத்துக்கு ஆட வேண்டியதுதான்.

4. துணை வேலை: எதிரியை ஒரு சுற்று அசையவிடாமல் செய்வது, எதிரியின் தாக்குதல் திறனைக் குறைப்பது, கூட்டாளிக்கு வரும் அடியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வது. ‘இன்டிமிடேட்’ குணம் உள்ள போகிமான் களத்தில் இறங்கினாலே, எதிரே நிற்கும் இருவரின் நேரடித் தாக்குதல் திறனும் மூன்றில் இரண்டு பங்காகக் குறையும். ஓர் அடி கூட அடிக்காமல் கிடைக்கும் லாபம் இது.

5. தாங்கி நிற்பது: கூட்டாளிக்கு ஆகாத அடியைத் தான் வாங்கி நிற்பவர். இவர் களத்தில் இருக்கிறார் என்றால் மற்றவர்கள் தைரியமாக அடிக்கலாம்.

ஒரு போகிமானே இரண்டு வேலைகள் செய்யலாம், செய்வதுதான் நல்லது. ஆனால், எந்த வேலைக்கும் ஆளே இல்லை என்ற நிலை வரக் கூடாது.

அந்த ஆறு பேர் எங்கே தோற்றார்கள்?

உதாரணத்துக்கு, புதிதாக வரும் ஒருவர் ஆசை ஆசையாகச் சேர்க்கும் அணி இப்படி இருக்கும்: சாரிசார்ட், டிராகனைட், சாலமென்ஸ், கியாரடோஸ், டாலன்ஃப்ளேம், கார்சோம்ப். பார்க்கவே பயமாகத்தான் இருக்கிறது. இப்போது ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டுக் கணக்குப் பார்க்கலாம்.

பாறை: கார்சோம்ப் தவிர ஐந்து பேருக்கும் ஆகாது. அதில் சாரிசார்டுக்கும் டாலன்ஃப்ளேமுக்கும் நான்கு மடங்கு. ‘ராக் ஸ்லைடு’ என்பது எதிரே நிற்கும் இருவர் மீதும் ஒரே நேரத்தில் விழும் வித்தை. இருவர் மீது விழுவதால் அதன் பலம் முக்கால் பங்காகக் குறையும் என்றாலும், நான்கு மடங்குப் பெருக்கலுக்கு முன்னால் அது ஒரு குறையே இல்லை. எதிரியிடம் இந்த ஒரு வித்தை இருந்தால் போதும்.

பனி: டிராகனைட், சாலமென்ஸ், கார்சோம்ப் மூவருக்கும் நான்கு மடங்கு. பாறைக்குத் தப்பிய கார்சோம்ப் இங்கே மாட்டிக்கொண்டது.

தாக்குதல் ரகம்: சாரிசார்ட் தவிர ஐந்து பேரும் நேரடித் தாக்குதலில்தான் கூடுதல் பலம் உள்ளவர்கள். எதிரி ‘இன்டிமிடேட்’ உள்ள ஒரே ஒரு போகிமானை இறக்கினால், அணியில் பெரும்பாலோரின் கை தளர்ந்துவிடும்.

துணை வேலை: எல்லோரையும் அடிக்க மட்டுமே வைத்திருக்கிறார். டாலன்ஃப்ளேம் டெயில்விண்ட் போடும் ஆள்தான். கியாரடோஸுக்கே இன்டிமிடேட் குணம் உண்டு. ஆனால் அந்த வேலைகளை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. வீட்டிலேயே கொத்தனார் இருக்க, வெளியூர் ஆளைத் தேடுகிற கதை.

இதற்கு ‘இன்னும் பவரான’ ஏழாவது டிராகன் எந்த வகையிலும் மருந்து ஆகாது. அது வந்தால் பனிக்கு ஆகாதவர்கள் பட்டியலில் இன்னொரு பெயர் சேரும், அவ்வளவுதான்.

அதே அணியை எப்படிச் சரிசெய்வது?

பிடித்த போகிமான்களைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. சாரிசார்ட், கார்சோம்ப், கியாரடோஸ் மூவரும் இருக்கட்டும். டிராகனைட், சாலமென்ஸ், டாலன்ஃப்ளேம் இடத்தில் கோல்டெங்கோ, விம்ஸிகாட், கிளிஃபேரி வரட்டும்.

கோல்டெங்கோ எஃகும் பேயும் கலந்தது. பாறை, பனி இரண்டும் அதன் மேல் பாதிதான் ஏறும். சிறப்புத் தாக்குதலிலும் கெட்டி. விம்ஸிகாட் புல்லும் தேவதையும் கலந்த, பஞ்சு மாதிரி ஓர் உயிரினம். அதன் குணத்தால், எதிரி எவ்வளவு வேகமாக இருந்தாலும் பெரும்பாலும் அவருக்கு முன்பே டெயில்விண்டைப் போட்டுவிடும். கிளிஃபேரி ‘ஃபாலோ மீ’ என்ற வித்தையால், கூட்டாளிக்குக் குறிவைத்த அடியைத் தன் மேல் வாங்கிக்கொள்ளும். வேதனை என்னவென்றால், இந்த மூன்றையும் பார்த்து எந்தப் பையனும் பயப்படமாட்டான். ஆனால் அணியின் கணக்கு இப்போது எப்படி மாறியிருக்கிறது?

பாறைக்கு ஆகாதவர்கள் ஐந்திலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டார்கள். அதைத் தாங்க கார்சோம்பும் கோல்டெங்கோவும் இருக்கிறார்கள். டிராகன் வகை அடி விம்ஸிகாட், கிளிஃபேரி மேல் படவே படாது. மின்சாரம் கியாரடோஸுக்கு நான்கு மடங்கு ஆபத்து. ஆனால் கார்சோம்ப் மேல் மின்சாரம் ஏறாது. விஷம் விம்ஸிகாட்டுக்கு நான்கு மடங்கு ஆபத்து. கோல்டெங்கோவை விஷம் தொடவே தொடாது. நேரடித் தாக்குதலுக்கு இருவர், சிறப்புத் தாக்குதலுக்கு இருவர், துணை வேலைக்கு இருவர்.

இன்னொரு லாபமும் உண்டு. கார்சோம்பின் ‘எர்த்குவேக்’ வித்தை எதிரிகளோடு பக்கத்தில் நிற்கும் கூட்டாளியையும் சேர்த்து அடித்துவிடும். ஆனால் பக்கத்தில் நிற்பது பறக்கும் சாரிசார்டோ கியாரடோஸோ என்றால் நிலநடுக்கம் அவர்களை ஒன்றும் செய்யாது. யாரை யாரோடு நிறுத்துவது என்பதும் அணி அமைப்பின் பகுதிதான். நல்ல நாத்தும் நல்ல நிலமும் இருந்தாலும், எந்த வயலில் எதை நடுவது என்று பார்ப்பதில்லையா?

இது கோப்பையை வெல்லும் அணி என்று சொல்ல முடியாது. நெருப்பு, நிலம், பேய், இருள் என்று கோல்டெங்கோவுக்கும் ஆகாதவை உண்டு. ஆனால் இனி ஒரே வித்தையால் மொத்த அணியும் சரியாது. ஓட்டையே இல்லாத அணி என்று ஒன்று கிடையாது. ஒருவரின் ஓட்டைக்குப் பக்கத்தில் இன்னொருவர் நிற்கிறாரா என்பதுதான் கேள்வி.

பலவீனமான ஒன்று உலகக் கோப்பையை வென்று கொடுக்குமா?

கொடுத்திருக்கிறது. 2014-ல் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில், தென்கொரியாவின் சே ஜுன் பார்க் தன் அணியில் பச்சிரிசுவைச் சேர்த்திருந்தார். பச்சிரிசு ஒரு சின்ன மின்சார அணில். அதன் தாக்குதல் திறன் சொல்லிக்கொள்ளும்படி இல்லை; போட்டிகளில் அதை யாரும் பொருட்டாக நினைத்ததும் இல்லை.

ஆனால் அவர் அணியில் கியாரடோஸ் இருந்தது. நீரும் பறத்தலும் கலந்த அதற்கு மின்சாரம் நான்கு மடங்கு ஆபத்து. எதிரிகள் மின்சாரத்தைத்தான் ஏவுவார்கள் என்பது தெரிந்ததே. பச்சிரிசு ‘ஃபாலோ மீ’ மூலம் அந்த அடியைத் தன் பக்கம் இழுக்கும். அதன் ‘வோல்ட் அப்சார்ப்’ குணத்தால், வாங்கிய மின்சாரமே அதற்கு உயிர்ச்சக்தியாகத் திரும்பிவிடும். எதிரி அடிக்க அடிக்க அணில் தெம்பாகும். பக்கத்தில் கியாரடோஸ் நிம்மதியாக வேலையைப் பார்க்கும். பார்க் அந்த ஆண்டு உலக சாம்பியன் ஆனார்.

சேது அணை கட்டியபோது மணல் சுமந்த அணிலின் கதை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்த அணிலின் பங்கு பக்தியால் பெரிதானது. இந்த அணிலின் பங்கு கணக்கால் பெரிதானது. இதைப் பார்த்துவிட்டு எல்லா அணியிலும் பச்சிரிசுவைச் சேர்த்தவர்கள் தோற்றுப்போனார்கள் என்றால் அதில் வியப்பில்லை. அணிலுக்குத் தனியாகப் பெருமை இல்லை. அந்தக் கியாரடோஸுக்குப் பக்கத்தில் நின்றதுதான் பெருமை.

எல்லா அணியும் சமநிலையாகத்தான் இருக்க வேண்டுமா?

இல்லை. மழையை வரவழைத்து நீர் வகையை மட்டும் பெருக்கி அடிக்கும் அணிகள் உண்டு. டிரிக் ரூமை நம்பி, மெதுவான கனரகங்களை மட்டும் வைத்து ஆடும் அணிகள் உண்டு. ஒரே திட்டத்தில் எல்லாவற்றையும் வைத்து விளையாடும் முறை அது. திட்டம் பலித்தால் மூன்றே சுற்றில் வெற்றி. எதிரி அந்தத் திட்டத்தை உடைத்துவிட்டால் கையில் வேறு எதுவும் இருக்காது. ஒற்றைப் பயிரை மட்டும் நம்பும் விவசாயம் மாதிரி. விலை ஏறினால் கொண்டாட்டம், இறங்கினால் திண்டாட்டம்.

புதிதாகத் தொடங்குபவருக்குச் சமநிலை அணியே நல்லது. அதில் எந்த ஆட்டத்திலும் செய்வதற்கு ஏதோ ஒன்று மிச்சம் இருக்கும். எங்கே தவறு நடந்தது என்பதும் எளிதாகத் தெரியும்.

அதிர்ஷ்டத்துக்கு இதில் எவ்வளவு இடம்?

கொஞ்சம் உண்டு. ராக் ஸ்லைடு 10-ல் ஒரு முறை குறி தவறும். பட்டால், அடி வாங்கியவர் அந்தச் சுற்றில் அசையாமல் நின்றுவிட 30 சதவீத வாய்ப்பு உண்டு. சாதாரண அடி, 24-ல் ஒரு முறை கூடுதல் பலத்தோடு விழும். “லக்குல ஜெயிச்சிட்டான்” என்ற புலம்பல் இதனால்தான்.

குடவோலையிலும் கடைசி முடிவு அதிர்ஷ்டத்தின் கையில்தான். விவரம் அறியாத ஒரு சிறுவன் குடத்துக்குள் கைவிட்டு ஓலையை எடுப்பான். ஆனால் குடத்துக்குள் எந்தெந்தப் பெயர்கள் போக வேண்டும் என்பதில் அதிர்ஷ்டத்துக்கு இடம் தரவில்லை. தகுதி பார்த்து, தகுதியற்றவரை நீக்கி, அதன் பிறகுதான் ஓலை குடத்துக்குள் போனது. எந்தப் பெயர் வந்தாலும் ஊர் தாங்கும்படி முன்கூட்டியே வேலை முடிந்திருந்தது.

நல்ல அணியும் அப்படித்தான். ஓர் அடி தவறினாலும் ஆட்டம் கையைவிட்டுப் போகாதபடி அமைப்பதுதான் திறமை. ஒரே அடியை நம்பி நிற்கும் அணிக்குத்தான் அதிர்ஷ்டம் பெரிய விஷயமாகத் தெரியும்.

கையில் செல்போன் மட்டும்தான் இருக்கிறது, என்ன செய்வது?

போகிமானின் முதன்மை ஆட்டங்கள் நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவியில்தான் ஓடும். கருவியும் ஆட்டமும் சேர்ந்து பல ஆயிரம் ரூபாய் ஆகும். உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் மட்டுமல்ல, சென்னையிலும் பல வீடுகளுக்கு அது கட்டுப்படியாகாது. ஆனால் அணி அமைக்கக் கற்றுக்கொள்ள அந்தக் கருவி கட்டாயம் இல்லை.

போகிமான் ஷோடவுன்: ரசிகர்களால் உருவாக்கப்பட்ட இலவசப் பயிற்சித் தளம். பிரவுசரிலேயே ஓடும். எந்த போகிமானையும் பிடிக்கவோ வளர்க்கவோ வேண்டாம். அணியை நேராக எழுதிக்கொண்டு மோதலாம். ஆறு பேரை மாற்றி மாற்றிச் சோதிக்க இதைவிட எளிய வழி இல்லை.

போகிமான் கோ: இதன் சண்டையில் மூன்றே பேர். ‘கிரேட் லீக்’ பிரிவில் ஒவ்வொன்றின் பலமும் 1,500 புள்ளிகளைத் தாண்டக் கூடாது. எனவே, பெரிய பெரிய அரிய போகிமான்கள் இல்லாதவரும் போட்டியிடலாம். முதலில் இறங்குபவர், ஆபத்தில் மாற்றி இறக்க ஏற்றவர், கடைசியில் முடித்துவைப்பவர் என்று மூன்று வேலைகள்.

போகிமான் யுனைட்: ஐந்து பேர் கொண்ட இரு அணிகள் மோதும் இலவச ஆட்டம், செல்போனிலேயே ஆடலாம். இதில் தாக்குபவர், தடுப்பவர், துணைநிற்பவர், வேகக்காரர், பலதுறைக்காரர் என்று வேலைகளுக்கு ஆட்டமே பெயர் வைத்திருக்கிறது. ஜப்பானின் ஐச்சி–நகோயாவில் நடக்கும் 2026 ஆசிய விளையாட்டுப் போட்டியின் மின்விளையாட்டுப் பட்டியலிலும் யுனைட் இடம்பெற்றிருக்கிறது. ஒரே தெருவைச் சேர்ந்த ஐந்து நண்பர்கள் சேர்ந்தால் அணி தயார். அந்த ஐந்து பேருக்குள், “நான் தடுக்கறேன், நீங்க அடிங்கடா” என்று சொல்ல ஒருவர் முன்வருவதுதான் கடினம். அப்படி ஒருவர் கிடைத்துவிட்டால் பாதி வெற்றி.

பெற்றோர் எதைக் கவனிக்க வேண்டும்?

பணம் கட்டி ஆடும் ரம்மி போன்ற ஆட்டங்களும் இதுவும் ஒன்றல்ல. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்தது. மின்விளையாட்டைத் தனியாகப் பிரித்து அங்கீகரித்தது. அணி அமைத்து மோதும் போகிமான் ஆட்டத்தில் பந்தயப் பணம் கிடையாது.

ஆனால் செலவே வராது என்று நினைக்க வேண்டாம். கோ, யுனைட் போன்ற இலவச ஆட்டங்களுக்குள் பொருட்கள் விற்கப்படுகின்றன. செல்போனில் யு.பி.ஐ., கார்டு விவரங்கள் இணைந்திருந்தால், வாங்குவதற்குக் கடவுச்சொல் கேட்கும்படி அமைத்துவிடுவது நல்லது. நேரத்துக்கும் ஓர் எல்லை வேண்டும்.

பிள்ளை தோற்றுவிட்டு, “இதை வாங்கினாத்தான் ஜெயிக்க முடியும்” என்று வந்து நின்றால், திட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கலாம்: “உன் ஆறு பேர்ல எத்தனை பேருக்கு ஒரே அடி ஆகாது?” பதில் தெரியவில்லை என்றால், பணத்தால் தீரும் பிரச்சினை இல்லை அது. ஒரு தாளும் பேனாவும் போதும்.

தொடங்குபவர்கள் எப்படிச் செய்யலாம்?

- மிகவும் பிடித்த ஒன்றை முதலில் எழுதுங்கள். அணி அதிலிருந்து வளரட்டும்.
- அதற்கு ஆகாத வகைகளை எழுதி, அவற்றைத் தாங்கக்கூடிய ஒன்றை இரண்டாவதாகச் சேருங்கள்.
- வேகக் கட்டுப்பாட்டுக்கு ஒருவர், துணை வேலைக்கு ஒருவர் என்று இடம் ஒதுக்குங்கள்.
- கடைசி இரண்டு இடங்களை, நேரடி–சிறப்புத் தாக்குதல் சமமாகும்படி நிரப்புங்கள்.
- 18 வகைகளையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை பேர் ஆகாதவர்கள் என்று எண்ணுங்கள். மூன்றைத் தாண்டினால் ஒருவரை மாற்றுங்கள்.
- குறைந்தது பத்து ஆட்டங்களாவது ஆடிய பிறகே மாற்றுங்கள். அதுவும் ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும். ஆறு பேரையும் மாற்றினால், எது சரியானது என்று தெரியாமலே போய்விடும்.

உத்திரமேரூர்க்காரர்களும் முதல் தடவையிலேயே எல்லாவற்றையும் சரியாக எழுதிவிடவில்லை. 919-ல் வகுத்த விதிகளை இரண்டே ஆண்டுகளில், 921-ல், இன்னும் விரிவாகத் திருத்தி எழுதினார்கள். ஆனால் அதற்கு ஒன்று தேவைப்பட்டது: என்ன நடந்தது என்ற கணக்கு. கணக்குக் காட்டாதவர் மறுபடி வாரியத்துக்கு வரவே முடியாது என்று அவர்கள் கறாராக இருந்தார்கள்.

போகிமான் அணிக்கும் அந்த விதி பொருந்தும். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் ஒரே ஒரு வரி எழுதி வைத்தால் போதும்: எந்த அடியில், யார் விழுந்தார், அப்போது பக்கத்தில் யார் நின்றிருக்க வேண்டும்? பத்து வரிகள் சேர்ந்ததும், மாற்ற வேண்டிய ஆள் யார் என்பது தானாகத் தெரிந்துவிடும்.